கப்பலேறிய சொற்கள்

மக்கள் நாடுவிட்டு நாடு செல்லுங்கால் அவர்தம் சொற்களும் உடன் செல்கின்றன. சென்ற சொற்கள் சென்றபடியே இருப்பதில்லை. உருவும் பொருளும் மாறுகின்றன. சில, மாறிய கோலத்துடன் பிறந்த வீட்டுக்கே திரும்பி வருகின்றன. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் நம் பாட்டன் பாட்டியர் வழங்கிய பேச்சே இதற்குச் சான்று.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்நாளில் அப்பக்கத்துத் தோட்டங்களில் காப்பியே பயிராயிற்று; ரப்பர் பின்னர் வந்தது. இலங்கையில் காப்பி நோயுற்று அழிந்தபின் அங்கிருந்து மலாயாவுக்கு வந்த துரைமார் பலர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் பழகிய கலப்புச் சொற்களும் அவர்களோடு வந்து சேர்ந்தன.

அத்தகைய சொற்களைத் திரட்டி யூல், பர்னல் என்னும் அறிஞர் இருவர் ஆக்கிய ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதி 1886இல் வெளியாயிற்று. பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். தம் அகராதி அச்சேறுவதைக் காணாமலே 1882இல் மறைந்தார்.

தோட்டத்துக் ‘கிராணி’யை யார் அறியார்? கணக்கரைக் குறிக்கும் இச்சொல்லை ஆங்கிலேயரும் ‘கிரானி’ என்று ஒரு காலத்தில் வழங்கினர். இன்று அவ்வெழுத்துகளைக் காணும் ஆங்கிலேயர் சுவரிடுக்கு என்றே பொருள் கொள்வர். ஆங்கிலம் மறந்த சொல்லை மலாய்மொழி ‘கெராணி’ என்று இன்றும் காத்து வருகிறது.

தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுத்தவர் ‘டிரெசர்’. ஆடை அணிவிப்பவர் என்று இதற்குப் பொருள் கொண்டால் பிழையாகும். புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டும் அறுவை மருத்துவரின் துணைவரை ஆங்கில நாட்டு மருத்துவமனைகள் முற்காலத்தில் இப்பெயரால் அழைத்தன. கவிஞர் கீட்ஸ் 1816இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இப்பணியையே பார்த்தார். அவர் வகித்த பதவியின் பெயர் ரப்பர்க் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்தது.

‘லயம்’ என்பதும் இவ்வாறே. வரிசை எனப் பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் படைவீரர் குடியிருப்பு வரிசைக்குப் பெயராகி, தோட்டத்து வீட்டு வரிசைக்கும் ஆயிற்று. இசையில் வரும் லயத்திற்கும் இதற்கும் உறவில்லை என்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்லுதல் நன்று.

இனி, நம்மிடமிருந்து சென்ற சொற்களைக் காண்போம். சோழர்காலக் கோயிற் கல்வெட்டுகளில் ‘மாகேசுவரக் கண்காணி’ என்றொரு பொறுப்புக் காணப்படுகிறது. கண்காணித்தல் பெருமையான பணி. அதே சொல் கடல்கடந்து, ஊரில் ஆள்திரட்டித் தலைக்கு இவ்வளவு என்று பணம் பெறுபவனுக்கும் பெயராயிற்று. அவ்வகை ஆட்சேர்ப்பு 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு ஓய்ந்தது.

எல்லாவற்றினும் நெடுந்தொலைவு சென்ற சொல் ‘கூலி’. குசராத்தில் வாழும் கோலி என்னும் குலத்தார் பெயரே இதற்கு மூலமென்றும், தமிழ்க் கூலியும் அதனோடு கலந்திருக்கலாமென்றும் அகராதியார் கருதினர். மூலம் எதுவாயினும், தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய பயன். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் இப்பொருளிலேயே அதனை ஆண்டார். வேலை செய்பவரை நாம் கூலியாள் என்றோம். கூலி வேறு, ஆள் வேறு. ஆங்கிலத்திலோ கூலி என்றாலே ஆள்தான். ஊதியத்தின் பெயர் உழைப்பவன் பெயராயிற்று. மனிதனைச் சுட்டும் பகுதி மறைந்தது. சீனர் இச்சொல்லைத் துன்பம், வலிமை எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். தென்னாப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இஃது இன்று வசைச்சொல்.

வரலாற்று நூலில் இவ்வசையைக் காணும் நம் பிள்ளை, தமிழ்க் கூலியையும் இழிசொல் என்று எண்ணிவிடக்கூடும். அவ்வாறு எண்ணினால், நாள்முழுதும் உழைத்துத் தன் கூலியைக் கேட்டுப் பெற்ற பாட்டனின் நேர்மையையும் அது காணத் தவறும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆசிரியர் கடன்.

1970களுக்குப் பின் ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை பரவியது. நம்மவர் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயம் போனால் லயத்துச் சொல்லும் போகும். லின்சம், சுவா பெத்தோங் முதலிய தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் எஞ்சியுள்ளன. அப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் வீட்டு முதியோரிடம் கேட்டுப் பத்துச் சொற்களை எழுதி வரட்டும். பெரட்டு, தண்டல், ஆயாக் கொட்டகை என்று தொடங்கினாலே போதும். முதியோர் இருக்கும்போதே இதைச் செய்தல் வேண்டும்.