சீயப் புகையிரதப் பாதையும் பெயரற்ற தமிழரும்

யுத்த சரித்திரம் எழுதுவோர் தளபதிகளின் நாட்குறிப்புகளிலும் அரசாங்கப் பத்திரங்களிலும் தமக்கு வேண்டியவற்றைப் பெறுவர். பத்திரம் எதனையும் விட்டுச் செல்லாத மாந்தரின் சரித்திரத்தை எங்ஙனம் எழுதுவது? சீய - பர்மாப் புகையிரதப் பாதையை அமைத்த மலாயாத் தமிழரைப் பற்றி ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எழும் வினா இதுவே.

1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தம் சேனைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புதல் ஆபத்தாகவே, யப்பானியர் பான் போங் முதல் தன்பியூசயாட் வரை 415 கிலோமீற்றர் நீளப் பாதையொன்றை வகுத்தனர். 1943 ஒற்றோபர் 17இல் இருமுனைத் தண்டவாளங்களும் இணைந்தன. ஏறத்தாழ 60,000 நேசநாட்டுக் கைதிகளும், அவர்களின் மும்மடங்கு என மதிக்கத்தக்க ஆசியத் தொழிலாளரும் அங்கு உழைத்தனர். மாண்ட கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர். மாண்ட ஆசியரையோ எவரும் எண்ணி வைத்திலர். 90,000 என்பாரும் உளர், கூட்டியுரைப்பாரும் உளர்.

காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் உள. தமிழர்க்கு அத்தகைய வரிசை இல்லை. 1944இல் யப்பானிய சேனை எழுப்பிய நினைவுத்தூணில் தமிழ் வாசகம் உண்டு. தொழிலாளி ஒருவனின் பெயரேனும் இல்லை.

இக்குறையை ஓரளவு நீக்கியோர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாத்திரமல்லர். மலேசியாவில், எஞ்சிய முதியோரையும் கைம்பெண்களையும் இல்லந்தேடிச் சென்று கேட்டெழுதிய சமூக வரலாற்றார்வலரும் ஆவர். அம்முதியோர் கூற்றுகளில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகின்றது. இறப்பர் வாணிபம் முடங்கிற்று, அரிசி அரிதாயிற்று, "மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி" என்ற வாக்குறுதி வந்தது. போனவர் மீளவில்லை. பின்னர்த் தோட்டத்துக்கு இத்தனை பேர் எனக் கணக்குக் கேட்டனர். இலவசப் படக்காட்சி என்றழைத்து, வந்தோரை வண்டியேற்றியதும் உண்டு. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பேதிநோய் பரவியபோது வைத்தியர் அற்ற முகாம்களில் பெருந்தொகையானோர் மாண்டனர்.

நினைவு ஆண்டினையும் இடத்தினையும் மயக்கும் என்பது மெய்யே. எனினும், தனக்குக் கூறப்பட்ட கூலி எவ்வளவு என்பதைத் தொழிலாளி மறப்பதில்லை. பல தோட்டத்தார் தம்முட் பேசாதிருந்தும் அதே சொற்களைக் கூறுவாராயின், அச்சான்றை ஒதுக்குதல் நேர்மையன்று.

ஒன்று நம்மவர்க்குக் கசக்கும். அக்காலத்துத் தோட்டக் கிறாணிமாருட் பலர் யாழ்ப்பாணத்தார். யப்பானியர் கேட்ட பெயர்ப்பட்டியலை எழுதவேண்டி வந்தவர்களும், தொழிலாளருடன் தாமும் அனுப்பப்பட்டவர்களும் கிறாணிமாருள் இருந்தனர். அச்சத்தால் எழுதினரோ, எவர் பெயரை விட்டனர், எவர் பெயரைச் சேர்த்தனர் என்பவற்றைத் தொழிலாளர் வாய்மொழி மாத்திரம் கொண்டு தீர்த்தல் ஆகாது. மலாயாவிலிருந்து ஓய்வுபெற்று மீண்டோரின் பெட்டகங்களில் கடிதங்களும் குறிப்பேடுகளும் இன்னும் கிடத்தல் கூடும்.