பழைய வயலின்களின் முப்பரிமாண ஸ்கேன் ஆய்வு

பழைய வயலின், வயோலா, செல்லோ ஆகியவற்றைப் பிரிக்காமலே, அவற்றின் வடிவத்தைக் கணினியில் முப்பரிமாண உருவமாகப் பதிந்து ஆராயும் முறை. இத்தாலியின் கிரெமோனா நகரக் கருவிகளே இதில் அதிகம் அலசப்பட்டவை.

அளவெடுக்கும் ஆசை பழையது. கிரெமோனா கருவிகளைத் தேடித் தேடிச் சேர்த்த கோசியோ பிரபு (1755–1840) அவற்றின் அளவுகளைக் குறித்து வைத்தார். நீளமும் அகலமும் காலிப்பருக்கு அடங்கும். பலகையின் மேட்டு வளைவு அடங்காது. புள்ளிக்குப் புள்ளி மாறும் அந்த வளைவை, அட்டையில் வெட்டிய அச்சு ஓரிரு இடங்களில்தான் பிடிக்கும்.

1980களின் கடைசியில் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஸ்டீவன் சர், நோயாளிகளுக்கான சி.டி. ஸ்கேனரில் ஒரு வயலினை வைத்துப் பார்த்தார். அவரும் வயலின் தச்சர்கள் இருவரும் சேர்ந்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலுள்ள கிரெமோனாத் தச்சர் ஸ்ட்ராடிவாரி செய்த ‘பெட்ஸ்’ வயலினை (1704) ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் பலகை செதுக்கி, நகல் செய்ததை 2011-ல் அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடியது இதைத்தான். வரலாற்றுக்குப் பெரிய பலன் வேறிடத்தில், வெட்டிக் குறைத்த கருவிகளைக் கண்டறிவதில், கிடைத்தது.

முற்காலத்தில் கருவிகளுக்கு நிலையான அளவு கிடையாது. பெரிதாகச் செய்தவற்றைப் பிற்காலத்தார் வெட்டிச் சிறிதாக்கினார்கள். சிலவற்றில் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டையையே எடுத்துவிட்டு, இரு பாதிகளையும் ஒட்டினார்கள். கிரெமோனாத் தச்சர் ஆந்திரேயா அமாத்தி 16-ம் நூற்றாண்டில் செய்த ‘கிங்’ செல்லோவும் தப்பவில்லை. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸின் சின்னங்கள் தீட்டிய அந்தக் கருவியை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் குறைத்தபோது, மரத்தோடு ஓவியமும் துண்டு துண்டாகப் போயிற்று.

எல்லாக் கருவியிலும் ஓவியம் இருந்து வெட்டைக் காட்டிக்கொடுக்காது. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். மலைப் பகுதி வரைபடத்தில் போடுவதுபோல் பலகையின் மேல் சம உயரக் கோடுகளை வரைந்தால், வெட்டாத கருவியில் கோட்டின் முனை உருண்டு வளையும். நடுப்பட்டை போன கருவியில் இணைப்பருகே கூராகும். பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகக் கருவிகளை வைத்து பெல்ஜிய ஆய்வாளர்கள் இதை ஆராய்கிறார்கள். அவர்கள் கையாள்வது ஒளிப்பட அளவியல்: பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணினி ஒரே உருவமாகக் கோக்கிறது. செலவு குறைவு, கருவியும் அருங்காட்சியகத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. பளபளக்கும் வார்னிஷ்தான் தொல்லை.

ஜெர்மனியின் நியூரம்பெர்க் தேசிய அருங்காட்சியகமும் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனமும் இசைக்கருவிகளைச் சி.டி. எடுப்பதற்கான நெறிமுறைகளை 2014 முதல் வகுத்தன. பலகையின் கனத்தையும் உள்ளே போட்ட ஒட்டுகளையும் அறியச் சி.டி. உதவும், ஒளிப்படத்துக்கு அவை எட்டா.