மிங்கஸின் பதினொருவரும் ஒரு நாதஸ்வரமும்

1963 ஜனவரி 20 அன்று நியூயார்க்கில் சார்லஸ் மிங்கஸ் தம்மையும் சேர்த்துப் பதினொரு பேரோடு பதிவுசெய்த 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி', ப்ளூஸின் வேரில் கிளைத்த ஜாஸ் இசைத்தட்டுகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது. ஆறு நடனப் பகுதிகளாக அமைந்த ஒரே நெடும்படைப்பு அது.

மிங்கஸ் 1922இல் மெக்சிகோ எல்லையை ஒட்டிய நோகாலெஸ் ஊரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். தேவாலயப் பாட்டும் டியூக் எலிங்டனும் அவருக்குப் பாலபாடம். இந்தத் தட்டில் குவென்டின் ஜாக்சனின் டிராம்போன் வாயடைத்து உறுமுகிறது. ஜே பெர்லினரின் ஸ்பானிஷ் கிட்டார் நடுவே புகுந்து வேறு நாட்டுக்கு அழைத்துப் போகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடை வாசலில் புழங்கும் ஓசூரில் வளர்ந்த காதுக்கு இந்தக் கலப்பு அந்நியமாக இராது. டேனி ரிச்மண்டின் டிரம்ஸைப் பற்றிக்கொண்டு குழு முழுவதும் வேகமெடுப்பதும், உச்சத்தில் தளர்ந்து மீண்டும் முதலிலிருந்து ஏறுவதும் கடைசிப் பகுதியில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன.

மிங்கஸ் மேதை, ஆனால் கொடுங்கோபக்காரர். இந்தப் பதிவுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1962இல், தம்மோடு பல காலம் வாசித்த டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரின் வாயில் குத்திப் பல்லைச் சேதப்படுத்தினார். ஊதுபவனின் வாய்தான் அவன் பிழைப்பு. எவ்வளவு பெரிய இசையாலும் அந்தக் குற்றம் கழுவப்படாது.

இந்தத் தட்டின் உயிர் ஆல்டோ சாக்ஸபோன். வாசித்தவர் பாஸ்டனில் பிறந்த இத்தாலிய வம்சாவளிக்காரர் சார்லி மரியானோ. ப்ளூஸில் மூன்றாம், ஏழாம் சுரங்கள் பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையில் எங்கோ நிற்கும். மரியானோ உதட்டின் அழுத்தத்தால் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கிறார்; சுரத்தை இழுத்து, கீழே வழியவிட்டு, கதறலாக மேலே எறிகிறார். பதிவுக்குப் பின்னும் அவரை அழைத்து, முன்பே பதிந்த இசையின் மேல் மீண்டும் வாசிக்கவைத்து மிங்கஸ் சேர்த்தார். அன்றைய ஜாஸில் அரிதான வேலை அது.

அறுபதுகளின் பிற்பகுதியில் மரியானோ மலேசியாவில் பணியாற்றினார். நாதஸ்வரம் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். சாக்ஸபோனில் ஒற்றை நாணல் பட்டை. நாதஸ்வரத்தில் இரட்டைச் சீவாளி, சாவி எதுவும் கிடையாது. துளையைப் பாதி மூடியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும் கமகத்தை உண்டாக்க வேண்டும். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேரின் முன்னே நாதஸ்வரம் கேட்டுப் பழகியவர் 1963இன் அந்த ஆல்டோவைக் கேட்டால், இந்த மனிதர் நாதஸ்வரத்திடம் வந்து சேர்ந்ததில் வியக்க ஒன்றுமில்லை என்று உணர்வார். எழுபதுகளில் மரியானோ தென்னிந்தியாவுக்கே வந்து அதைக் கற்றார். 1976இல் வெளியான 'ஹெலன் 12 ட்ரீஸ்' தட்டில் நாதஸ்வரமும் வாசித்தார்.

'ஜோதி' என்ற தட்டு 1983இல் பிறந்தது. ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷன் குழுவும் மரியானோவும் ஜெர்மனியில் பதிவுசெய்தது; மியூனிக்கின் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. ஆர்.ஏ. ரமாமணியின் குரல், டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபாலின் கடம், டி.என். சசிகுமாரின் கஞ்சிரா. மரியானோ இதில் சோப்ரானோ சாக்ஸபோனும் புல்லாங்குழலுமே வாசித்தார். நாதஸ்வரத்தில் பழகிய வளைவுகள் சோப்ரானோவில் தெளிவாகவே கேட்கின்றன. ரமாமணியின் குரலுக்கு வழிவிட்டு அவர் ஒதுங்கி நிற்கும் இடங்கள்தான் தட்டில் மிகச் சிறந்தவை.