மன்னார்ச் சலாபமும் ஒரு குத்தகைச் சாசனமும்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களைப் பற்றிய அறிவு, நெடுங்காலம் எழுத்துச் சாசனம் எதுவுமின்றியே கைமாறி வந்தது. எந்தப் பாரில் சிப்பி படிந்திருக்கிறது, எந்த நீரோட்டம் அதனைப் புரட்டிவிடும் என்பவற்றைத் தண்டல்களும் குளியாட்களும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். பிரித்தானிய அரசாங்கத்தார் சலாபம் கூட்டுமுன் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தின் மதிப்பைப் பகிரங்கமாக அறிவிப்பர். திறவாத சிப்பிக்கு விலை கூறவேண்டிய ஏலத்தில், கடல் கடந்து வந்த வணிகனுக்கு அதுவன்றி வேறு வெளிச்சம் ஏது?

1891ஆம் ஆண்டுக்குப் பின் பார்கள் வெறுமையாயின. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சலாபமே இல்லை. காரணம் அறியுமாறு 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார்; அவருக்குத் துணையாக ஜேம்ஸ் ஹோர்னல் வந்தார். பெரிய பாரில் பிறக்கும் இளஞ்சிப்பிகளைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அடித்துச் செல்கின்றன. ஆதலின் அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து வளர்க்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. நாடாப்புழுவின் குடம்பியே முத்துக்குக் காரணம் என்றும் அவர் கருதினார். அது பின்னர் நிலைபெறவில்லை. சரியும் தவறுமான இவையெல்லாம் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக ராயல் சொசைட்டியின் வெளியீடாக வந்தன. யார் வேண்டுமாயினும் படிக்கலாம், மறுக்கலாம். அந்த மறுப்புக்கு இடமிருந்தமையே அவ்வெளியீட்டின் பெரும்பயன்.

இதற்கிடையில் 1905ஆம் ஆண்டுச் சலாபம் அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாவை ஈட்டித் தந்தது. அதன் ஒளியில் மயங்கியோ என்னவோ, 1906இல் ஒரு லண்டன் கம்பெனி இப்பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகையாகப் பெற்றது. ‘இலங்கை முத்துக் குளிப்போர் கம்பெனி’ எனப்பட்ட அது ஆண்டுதோறும் 3,10,000 ரூபா செலுத்த ஒப்பியது. சிப்பி வளர்ப்புக்குச் செலவிடும் கடமையும் அதன்மேல் விழுந்தது. ஆராயும் பொறுப்பும் அள்ளும் உரிமையும் ஒரே கையில் சேர்ந்தன.

ஆயினும் அறிவு பூட்டிவைக்கப்படவில்லை. கம்பெனியின் விஞ்ஞான ஆலோசகரான சவுத்வெல் கண்டவை ‘இலங்கைக் கடல் உயிரியல் அறிக்கைகள்’ என்னும் அரசாங்க வெளியீட்டில் அச்சேறின. பொய்த்தது வேறொன்று. குத்தகைப் பணத்துக்குத் தவணை உண்டு. சிப்பிக்கு அது தெரியாது. 1907ஆம் ஆண்டுச் சலாபத்தோடு விளைச்சல் நின்றது. வெறும் பாருக்கும் முழு வாடகை என்னும் நிலையில், நீண்டகால ஆராய்ச்சியில் எந்தப் பங்குதாரர்க்குப் பொறுமை இருக்கும்? 20 ஆண்டு முடியுமுன்னரே கம்பெனி கலைந்தது. மன்னார்க் கடல் மறுபடியும் சலாபம் கண்டது 1925இல்தான்.

ஹேர்ட்மனுக்குக் கடலடியிலிருந்து சிப்பி எடுத்துக் கொடுத்த குளியாட்களோ அச்சாசனத்தில் ஒரு தரப்பினர் அல்லர். அவர்களுடைய பழைய உடன்பாடு வேறு: எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, கொட்டிலேயே எண்ணிக் கொடுக்கப்படும். ஹோர்னல் 1908இல் சென்னை மாகாண மீன்வளத்துறைக்குச் சென்றார். மன்னாரில் கற்றவை அவரோடு அக்கரைக்குப் போய், தூத்துக்குடிப் பார்களுக்கும் சங்குக் குளிப்புக்கும் பயன்பட்டன.