லீ ஜங்-உன்

லீ ஜங்-உன் (பிறப்பு: 23 ஜனவரி 1970, சியோல்) தென் கொரிய மேடை, திரைப்பட, தொலைக்காட்சி நடிகை, குணச்சித்திர வேடங்களுக்குப் பெயர்பெற்றவர். 2019இல் வெளிவந்த 'பாரசைட்' படத்தின் வீட்டுப் பணிப்பெண்ணாகத்தான் உலக ரசிகர்கள் இவரை அறிந்தார்கள். அப்போது இவர் நடிக்க வந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை பயின்றவர். 1991இல் ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் மேடையேறினார். பின்னர் சியோலின் சிற்றரங்குகள் நிறைந்த தேஹாங்னோ பகுதி நாடகங்களே இவரது உலகமாயின. மேடை வருமானம் வயிற்றுக்குப் போதவில்லை. நாற்பது வயது வரை கடைகளில் விற்பனை வேலை பார்த்துக்கொண்டே நடித்தார். சியோலின் மலைச்சரிவுக் குடியிருப்பில் வாடகைக்கு வாழும் ஏழைகளையும் மங்கோலியத் தொழிலாளியையும் பற்றிய 'பல்லே' (சலவை) இசை நாடகத்தில், தன்னைவிட மிகவும் மூத்த வீட்டுக்காரக் கிழவியாக வந்தார். பிற்காலத்தில் இவர் ஏற்ற அம்மா, ஆயா வேடங்களுக்கெல்லாம் பயிற்சிக்களம் இந்த மேடைதான் என்று கருத இடமுண்டு.

திரையில் நெடுங்காலம் சிறு வேடங்களே கிடைத்தன. இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 'மதர்' (2009) படத்தில் வந்ததும் அப்படியொரு வேடமே. ஆனால் போங் இவரை மறக்கவில்லை. 'ஓக்ஜா' (2017) படத்தில் ராட்சதப் பன்றிக்குக் குரல் கொடுக்க இவரையே அழைத்தார். பன்றிகளின் உறுமலைக் கேட்டுப் பழகி, பாசம், வலி, அச்சம் மூன்றையும் ஒரு சொல்கூட இல்லாமல் இவர் குரலில் கொண்டுவந்தார். அதே ஆண்டு 'எ டாக்ஸி டிரைவர்' படத்தில் குவாங்ஜு நகர டாக்ஸி ஓட்டுநரின் மனைவியாகவும், 2018இல் 'மிஸ்டர் சன்ஷைன்' தொடரில் நாயகியை வளர்த்த ஹமான் ஊர்க்காரியாகவும் நடித்தார். வட்டார வழக்கைப் பிசகாமல் பேசும் திறன் இரண்டிலும் தெரிந்தது.

'பாரசைட்'டின் மூன்-குவாங் பாத்திரம் இரண்டு முகம் கொண்டது. முதல் பாதியில், செல்வர் வீட்டை ஒழுங்காக நடத்தும் நிதானமான பணிப்பெண். வேலையிழந்த பின், கொட்டும் மழையில் நனைந்தபடி வாசல் அழைப்புமணியின் கேமரா முன் வந்து நிற்கிறாள். படம் திசை மாறும் இடம் அது. முகம் வீங்கி, தட்டுத்தடுமாறும் பணிவோடு உள்ளே விடும்படி கெஞ்சும் அந்த ஒரு காட்சியில் சிரிப்பும் கிலியும் சேர்ந்தே வருகின்றன. சிறிது நேரத்தில் சுவருக்கும் அலமாரிக்கும் இடையே உடலைக் கிடையாக முட்டுக்கொடுத்துப் பாதாள அறையின் வழியைத் திறக்கிறாள். வட கொரியச் செய்தி வாசிப்பாளரைப் போலப் பேசிக் காட்டவும் செய்கிறாள். படம் கான் விழாவில் தங்கப் பனை விருதையும் நான்கு ஆஸ்கர் விருதுகளையும் வென்றது. அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதைப் பெற்ற நடிகர்களில் இவரும் ஒருவர்.

2019 முழுவதுமே இவருடைய ஆண்டு. 'தி லைட் இன் யுவர் ஐஸ்' தொடருக்காக பெக்சாங் விருதும், 'பாரசைட்'டுக்காக புளூ டிராகன் விருதும், இரண்டும் துணை நடிகைப் பிரிவிலேயே, கிடைத்தன. புளூ டிராகன் மேடையில் கண்கலங்கிப் பேசினார். வெளிச்சம் காலங்கடந்து வந்ததாகப் பலரும் சொல்கிறார்கள், ஆனால் இந்த முகமும் இந்த உடலும் அமைய அத்தனை காலம் வேண்டியிருந்தது போலும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

அதன்பின் வேடங்கள் விரிந்தன. 'தி டே ஐ டைட்' (2020) படத்தில் பேச்சிழந்த தீவுப் பெண். 'அவர் புளூஸ்' (2022) தொடரில் ஜேஜு தீவின் மீன் வியாபாரி. ஷின் சு-வான் இயக்கிய 'ஓமாஜ்' படத்தில் முதன்மை வேடமே கிடைத்தது: 1962ஆம் ஆண்டுப் படமொன்றைச் செப்பனிடும் பணியில் இறங்கும் நடுவயதுப் பெண் இயக்குநர். அதற்காக 2022இல் ஆசிய பசிபிக் திரை விருது பெற்றார். 2024இல் 'மிஸ் நைட் அண்ட் டே' தொடரில், பகலில் மட்டும் ஐம்பது வயதுத் தோற்றம் அடைந்துவிடும் இளம்பெண்ணின் அந்தப் பகல் உருவமாக நடித்தார். 2025இல் வெளியான 'மை டாட்டர் இஸ் எ ஸோம்பி' படத்தில் இவர் பாட்டி; மகனாக நடித்த ஜோ ஜுங்-சொக் இவரைவிடப் பத்துப் பதினோரு வயதே இளையவர்.