ஒரே அல்லூரில் இரண்டு சட்டங்கள்

அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் பாய்லர் வேலை. அம்மா வெளிக்காட்டில் மருந்தடிப்பு. ஆலையிலிருந்து வந்த கழிவும், பெண்கள் பம்பு கழுவிய தண்ணீரும் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடிய, அல்லூர் என்று நாங்கள் சொல்லும் ஒரே வாய்க்காலில்தான் விழுந்தன. அல்லூர் பெர்ணம் ஆற்றில் இறங்கும். ஆறு பாகான் நக்கோடா ஓமாருக்கு வடக்கே கடலில் சேரும். பாகானிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் மலாய்க்காரர் அந்த அல்லூரைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

1970களின் நடுப்பகுதியைச் சொல்கிறேன். கழிவு சூடு ஆறாமலே வரும். காப்பித்தூள் கரைத்த நிறம், மேலே எண்ணெய்ப் படலம். மழை இல்லாத வாரங்களில் கெளுத்தியும் விராலும் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் மிஞ்சும் என்பது பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் சிலாங்கூரில்தான் உண்டானது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில், 1917இல், ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்துக்குப் பெயர் கொடுத்தது நம் தமிழ்ச் சொல். அதன் பிறகும் பல்லாண்டுகள் பால்மரமே, அதாவது ரப்பரே, கோலோச்சியது. ரப்பர் விலை சரிந்ததும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பால்மரம் சீவியவர்கள் செம்பனைக் குலை வெட்டப் போனார்கள். ஆலைகள் பெருகின. ஆறுகள் கறுத்தன.

1974இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று சுற்றுச்சூழல் தரச் சட்டம். மற்றொன்று பூச்சிக்கொல்லிச் சட்டம்; களைக்கொல்லிக்கும் அதுதான். ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகள். ஒன்று அப்பாவின் ஆலைக்கு, இன்னொன்று அம்மாவின் பம்புக்கு.

முதல் சட்டம் வேகமாக நடந்தது. 1977இல் கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே விதிமுறைகள் வந்தன. ஆலை உரிமம் எடுக்க வேண்டும், ஆற்றில் விடும் அழுக்கின் எடைக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு தேவை என்பதுதான் அளவுகோல். அப்பா அதை 'பிஓடி' என்று, ஏதோ சொந்தக்காரன் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். சுத்திகரிக்காத கழிவில் அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1978 ஜூலையில் வரம்பு 5,000. மறுவருடம் 2,000. அடுத்து 1,000, 500, 250. 1984இல் 100.

அன்றே கண்டிப்பு காட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1978இல் ஒரேயடியாக 100 என்று கேட்டிருந்தால் எந்த ஆலையாலும் முடிந்திருக்காது. சட்டம் ஏட்டோடு போயிருக்கும். படிப்படியாக இறக்கியதால் ஆலைகளுக்குக் குட்டை வெட்டவும் முறை பழகவும் அவகாசம் கிடைத்தது. எங்கள் ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குட்டைகள் வந்தன. முதல் குட்டையில் கொப்புளம் கொப்புளமாக வாயு கிளம்பும். கடைசிக் குட்டையில் கொக்கு நிற்கும். அப்பாவைக் குட்டை வேலைக்கு மாற்றினார்கள். கடைசிக் குட்டைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்புவார். திரும்பி வரும் எண்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

அம்மாவுக்கு நோட்டு இல்லை. காலைப் பெரட்டில் பேர் கொடுத்ததும் நாலு காலன் பம்பை முதுகில் ஏற்றிக்கொள்வாள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்த தண்ணீர் நீலப்பச்சையாக இருக்கும். பம்பு ஒழுகினால் முதுகு வெந்துபோகும். மூக்கில் ரத்தம் வந்தால் முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவாள். வலது கட்டைவிரல் நகம் முதலில் வெளுத்தது. பிறகு குறுக்கே கோடு விழுந்தது. ஒருநாள் சோறு பிசையும்போது தட்டிலேயே கழன்றது. அதன்பின் பல மாதங்கள் நான்தான் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். அப்பா பிடித்த தண்ணீருக்குப் புட்டியும் ஐஸ் பெட்டியும் இருந்தன. அம்மாவின் ரத்தத்தை யாரும் ஒரு துளி எடுத்துப் பார்க்கவில்லை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும், அன்றைய கூலிக்கு. அவ்வளவே.

பூச்சிக்கொல்லிச் சட்டம் மருந்தைப் பதிவு செய்யச் சொன்னது, விற்பனையை ஒழுங்குபடுத்தியது. அடிக்கிறவளின் கை அப்போது அதன் கண்ணில் படவில்லை. 2002இல் தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு மருந்தடிக்கும் தோட்டப் பெண்களிடம் நேரில் பேசி, அவர்கள் படும் பாட்டை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. மூக்கில் ரத்தம், நகம் கழல்வது, கண் எரிச்சல். படித்தபோது எங்கள் லயத்துப் பெண்களின் கதையை யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. ஆலைத் தண்ணீருக்கு எண் விதிக்க நான்கு ஆண்டுகள். அம்மாவின் கைக்கு நாற்பத்தைந்து.

தடைச் செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப புல்லுக்கு இனிமே என்னா அடிப்பாங்க?" என்றாள்.

கிளைபோசேட், குளுபோசினேட் என்று வேறு மருந்துகள் இருப்பதைச் சொன்னேன்.

"இப்ப யாரும்மா அடிக்கிறா?"

இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் என்றேன்.

"அதுங்களுக்குக் கையுறை குடுக்கிறாங்களா, போய்க் கேட்டுட்டு வா" என்றாள்.