ஆணைக்கும் பெஞ்சுக்கும் நடுவில்

நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஊருட்டம்பலத்தில், அரசுப் பள்ளி ஒன்றில், பாதி கருகிய மரப்பெஞ்சு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் புலையர் வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணை போட்டது. வெங்ஙானூரைச் சேர்ந்த சமூகப் போராளி அய்யங்காளி அந்த ஆணையின் பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை இந்தப் பள்ளிக்குக் கூட்டிச் சென்றார். அவள் உட்கார்ந்த இடம் தீட்டு என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். பள்ளிக்கே தீ வைத்தார்கள். 2022-இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியது. தமிழக-கேரள எல்லைப்புற ஊர்களின் கல்வி வரலாற்றை எங்கே தொட்டாலும் இந்த இடைவெளி தட்டுப்படுகிறது: கதவு திறந்துவிட்டது என்று ஆணை சொல்கிறது, உள்ளே போய் உட்கார முடியவில்லை. இன்று இணையத்தில் உள்ள ஆய்வுக் களஞ்சியங்களுக்கும் பார்வையற்ற வாசகருக்கும் நடுவில் இருப்பதும் இதே இடைவெளிதான். பகை இல்லை, தீ இல்லை. ஆனால் விளைவு ஒன்றுதான், படிக்க வந்தவர் வெளியில் நிற்கிறார்.

எல்லையை ஒட்டிய பாறசாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் இந்த இடைவெளிக்கு இன்னும் பழைய சாட்சி இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அங்கே கோயில் எடுத்து, காந்தளூர்ச் சாலையை ஒத்த ஒரு கல்விச்சாலையையும் நிறுவினான். அதைச் சொல்லும் செப்பேடு சாலையில் 95 சட்டருக்கு, அதாவது மாணவருக்கு, இடம் வைக்கிறது. எந்த வேதப் பிரிவுக்கு (சரணத்துக்கு) எத்தனை இடம், என்ன படித்திருந்தால் சேரலாம் என்றெல்லாம் வகுக்கிறது. யாருக்கு இடமில்லை என்று அது தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சேர்க்கைத் தகுதியே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. பழைய எழுத்தில் இருந்த இந்தச் செப்பேட்டைத் தொல்லியலாளர் கோபிநாத ராவ் படித்து, திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அச்சேற்றினார். வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் வழங்கிய மண் இது. ஒவ்வோர் எழுத்தும் வழக்கொழிந்தபோது அதில் இருந்தவை பொதுவாசகருக்கு மூடிக்கொண்டன. யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதிய பிறகே திரும்பத் திறந்தன. அப்படிப் பெயர்த்து எழுதும் வேலை நம் காலத்தில் பாதியில் நின்றுபோய்விட்டது என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகள் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. காசு கட்ட வேண்டாம், சிபாரிசு வேண்டாம். ஓர் ஏட்டைத் திறந்தால் முகப்பு, சான்றிதழ், உறுதிமொழி, இயல் எனத் துண்டு துண்டாகப் பிடிஎஃப் கோப்புகள் வரும். திரைவாசிப்பு மென்பொருளோடு அதைத் திறப்பவருக்கு என்ன கேட்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கம் வெறும் படமாக இருந்தால் ஒன்றும் கேட்காது. காலிப் பக்கம் என்று சொல்லி மென்பொருள் நின்றுவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஏடாக இருந்தால் 'தமிழ்' என்ற சொல்லின் இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் கேட்கும். கண்ணுக்குத் தெரிவது தமிழ், கணினிக்குள் கிடப்பது வேறு. யூனிகோடில் அடித்த ஏடும் சில சமயம் பிடிஎஃப் ஆகும்போது ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டு விலகி, சொற்கள் சிதறிப்போகும்.

எல்லைப்புறத்து ஆய்வென்றால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பார்த்திவபுரம் இந்தப் பக்கம், செப்பேடு கிடைத்த, திருவிதாங்கூர் அரசு அலுவலகமான ஹுசூர் கச்சேரி அந்தப் பக்கம். இந்த ஊர்களைப் பற்றி எழுதும் எந்த நேர்மையான ஆய்வேட்டிலும் ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்தே வரும். எந்த வரி எந்த மொழி என்று கோப்புக்குள் குறித்திராவிட்டால், தமிழ்க்குரல் மலையாள வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வாசகருக்கு ஒரு மேற்கோள் காணாமல்போனதே தெரியாது. இத்தனைக்கும், இந்த எல்லை விரல்களுக்கு அவ்வளவாகக் கிடையாது. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில், இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிகளை வைத்தது. தமிழ்க் 'க'வுக்கும் மலையாளக் 'க'வுக்கும் அதே ஒன்றாம் புள்ளி, மூன்றாம் புள்ளி. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்பால் பிரெயில் கற்றவர் அப்பாலுள்ள மலையாளப் பக்கத்தின் எழுத்துகளைப் பெரும்பாலும் தடவி ஒலித்துவிட முடியும். பார்வையுள்ள எனக்கோ உங்களுக்கோ அந்த வசதி கிடையாது. ஆனால் கணினியோடு இணைந்த பிரெயில் பலகையில் புள்ளிகள் எழ வேண்டுமானால் உள்ளே எழுத்து இருக்க வேண்டும், படம் போதாது.

இவ்வளவு பாடு எத்தனை பேருக்காக என்று கேட்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இந்தியாவில் சுமார் 50 லட்சம். அவர்களில் ஆய்வேடு தேடுவோர் சிலரே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிறிய எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டுவது முறையல்ல. ஊருட்டம்பலத்தில் பஞ்சமிக்கு முன்னால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் புலையர் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றே முடிவு கட்டியிருக்கலாம். செயற்கை நுண்ணறிவு எல்லாப் படத்தையும் எழுத்தாக்கிவிடும், பொறுத்திருங்கள் என்பது இன்னொரு பதில். அதில் உண்மை உண்டு. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் தமிழ் ஓசிஆர் வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனால் நம் வரலாற்றுப் பக்கங்களில் பழைய எண்கள் வரும். தமிழெண்ணில் ஒன்று 'க'வைப் போலவும் நான்கு 'ச'வைப் போலவும் ஐந்து 'ரு'வைப் போலவும் இருக்கும். இயந்திரம் நாற்பத்தைந்தைச் 'சரு' என்று படித்தால், பார்வையுள்ளவர் மூலப் பக்கத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். பார்வையற்றவருக்கு ஒத்துப்பார்க்க மூலமே இல்லை. ஆகவே சரிபார்க்கும் கடமை வெளியிடுபவருடையதே, வாசகருடையது அல்ல.

செலவு என்ற மறுப்பு பழைய ஏடுகளுக்குப் பொருந்தும். அவற்றை யாராவது கேட்கும்போது ஒவ்வொன்றாக மாற்றித் தரலாம். பதிப்புரிமை அதற்குத் தடையில்லை. 2012 சட்டத்திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்காகப் படியெடுக்க விலக்குத் தருகிறது. பார்வையற்றோர் வாசிப்புக்கான மாரகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். புதிய ஏடுகளுக்கோ செலவு என்ற பேச்சே எழாது. இன்று எந்த மாணவரும் ஆய்வேட்டைக் கணினியில்தான் அடிக்கிறார். அதை அச்சடித்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றும்போது இருந்த எழுத்தை நாமே அழிக்கிறோம். கையெழுத்துள்ள சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, மற்ற இயல்களை யூனிகோடு கோப்பாகவே, தலைப்பும் அடிக்குறிப்பும் மொழியும் குறித்து வாங்கிக்கொண்டால் போதும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதன்கீழ் எழுதிய விதி 15(1), கட்டாயமாக இருக்க வேண்டிய அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக்கியது என்று கண்டு, 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. கட்டாய விதிகளை வகுக்கவும் சொன்னது. ஆணை வலுவாக இருந்தும் அதை நடத்தும் விதி தளர்ந்துகிடந்ததைத்தான் அந்தத் தீர்ப்பு பிடித்துக் காட்டியது.

கோபிநாத ராவ் பதிப்பித்த பக்கங்கள் இணையத்தில் படப் பிரதிகளாகக் கிடைக்கின்றன. அந்தச் சில பக்கங்களை யாராவது எழுத்தாகப் பெயர்த்து, ஒத்துப்பார்த்து ஏற்றினால், பாறசாலையில் ஒரு பார்வையற்ற மாணவி கீழ்நோக்கு அம்பு விசையை அழுத்தி, பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று வரிவரியாகக் கேட்பாள். மொத்தம் 95 வருகிறதா என்று அவளே கூட்டிப் பார்த்துக்கொள்வாள்.